டர்ஹாம் பேராலயமும் கோட்டையும்: நார்மன்களைப் பார்க்க ஒரே ஒரு நாள் இருந்தால் இங்கே போங்கள்

நார்மன் கட்டடம் பார்க்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது லண்டன் டவருக்குள் நிற்கும் வெள்ளைக் கோபுரம். நல்ல கட்டடம்தான், மறுப்பில்லை. ஆனால் 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அங்கே என்னதான் நடந்தது என்பது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்றால், வடக்கே டர்ஹாமுக்கு ரயில் ஏறுங்கள். ஒரு குன்று. மூன்று பக்கமும் வியர் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மேலே ஒரு பக்கம் கோட்டை, எதிரில் பேராலயம், நடுவில் பேலஸ் கிரீன் என்ற புல்வெளி. படை, கோயில், கோர்ட்டு, கஜானா எல்லாவற்றையும் நார்மன் அரசர்கள் ஒரே ஆளிடம், ஒரு பிஷப்பிடம், கொடுத்து வைத்திருந்த இடம் இது. வேறு எங்கேயும் இவை இவ்வளவு கிட்டக்கிட்ட, இவ்வளவு முழுதாக நிற்கவில்லை. 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

போக்குவரத்து சுலபம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேர் ரயிலில் சுமார் 3 மணி நேரம், நியூகாசிலிலிருந்து கால் மணி நேரம். ஸ்டேஷனே ஒரு மேட்டில் இருப்பதால் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே பேராலயம் தெரிந்துவிடும். அங்கிருந்து நடந்தால் 15 முதல் 20 நிமிடம்: முதலில் இறக்கம், ஒரு பாலம், பிறகு நல்ல ஏற்றம். மேலே போகும் தெருக்களில் கல் பாவியிருக்கிறது. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் நடக்க நினைக்காதீர்கள், பஸ்ஸில் ஏறிவிடுங்கள். நடக்கிறவர்கள் அந்தப் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஃப்ரேம்வெல்கேட் பாலம் என்று பெயர். முதலில் கட்டியவர் 1099 முதல் 1128 வரை இங்கே பிஷப்பாக இருந்த ரானுல்ஃப் ஃபிளாம்பார்ட். இப்போது இருப்பது பின்னாளில் வெள்ளம் அடித்துப் போன பிறகு திரும்பக் கட்டியது. அந்த ஆளின் பெயர் இன்று பலமுறை வரும்.

பேராலயத்துக்குள் போகக் கட்டாயக் கட்டணம் இல்லை, காணிக்கை கேட்பார்கள். அருங்காட்சியகத்துக்கும் கோபுரம் ஏறுவதற்கும் தனித்தனி டிக்கெட். கோட்டைக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். காரணம், அது இன்றும் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்லூரி. ஆகவே ஒரே ஒரு வேலையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்: கோட்டைச் சுற்றுக்கான நேரத்தைப் பதிவு செய்துகொண்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். பேராலயத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை வாசலுக்குப் போய், "இன்று சுற்று இல்லை" என்று கேட்டுத் திரும்புவதுதான் இங்கே பலருக்கும் நேர்வது. இன்னொரு எச்சரிக்கை: பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் பேராலயத்துக்குள்ளேயே நடக்கும், பெரும்பாலும் கோடையிலும் ஜனவரியிலும். அந்த நாட்களில் நடுக்கூடம் முழுக்க நாற்காலிதான். தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் ஒரு சின்ன பைனாகுலர் அவசியம். நடுக்கூடத்தின் கூரை சுமார் 22 மீட்டர் உயரம். பார்க்க வேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

வடக்கு வாசலில், கதவைத் தட்டுவதற்கு, சிங்க முகம் போன்ற ஒரு வெண்கல வளையம் தொங்கும். அது நகல். 12-ஆம் நூற்றாண்டின் அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டு ஓடி வந்தவன் இதைத் தட்டி உள்ளே புகுந்தால் 37 நாள் அடைக்கலம். அதற்குள் சமரசம் செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டே போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேரே கிழக்கே, 7-ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித கத்பர்ட்டின் சமாதியை நோக்கி நடக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வலது கைப் பக்கம் திரும்பி, மேற்குக் கோடி வரை போய், அங்கிருந்து தொடங்குங்கள். தரையில் ஒரு கறுப்புக் கல் வரி குறுக்கே ஓடும். ஃப்ராஸ்டர்லி என்ற ஊர்ச் சுண்ணாம்புக் கல் அது. பளபளப்பாகத் தேய்த்திருப்பதால் பளிங்கு என்று சொல்கிறார்கள். குனிந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பழங்காலப் பவள உயிரிகளின் எச்சம் தெரியும். துறவிகள் இருந்த காலத்தில் பெண்கள் இந்தக் கறுப்பு வரியைத் தாண்டக் கூடாது. அந்தத் தடை நார்மன்களோடு வந்தது. அதற்கு முன் கத்பர்ட்டின் உடலைக் காத்து வந்தவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்த குருக்கள். 1083-ல் நார்மன் பிஷப் வில்லியம் ஆஃப் செயின்ட் காலே அவர்களை வெளியேற்றிவிட்டு, ஜாரோ, வியர்மத் மடங்களிலிருந்து 23 பெனடிக்டின் துறவிகளைக் கொண்டுவந்து வைத்தார். பத்து வருடம் கழித்து, 1093 ஆகஸ்ட் 11 அன்று, இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. 1133-க்குள் கூரை வரை முடிந்துவிட்டது. இந்த அளவுக் கட்டடத்துக்கு நாற்பது வருடம் என்பது அசாத்திய வேகம்.

வேகம் எங்கிருந்து வந்தது என்று தூண்களைப் பார்த்தால் தெரியும். கறுப்புக் கோட்டில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள்: ஒரு கொத்துத் தூண் (பல மெல்லிய தூண்களைக் கட்டாகச் சேர்த்தது போல் இருக்கும்), ஒரு உருளைத் தூண், மறுபடி கொத்துத் தூண், மறுபடி உருளை. உருளைத் தூணின் சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் 6.6 மீட்டர். நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிப்பது சிரமம். ஆனால் முழுதும் கெட்டிக் கல் அல்ல. வெளியே செதுக்கிய கல் ஓடு, உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் கலந்த நிரப்பல். ஒரு தூணில் வளைந்து மடங்கும் அம்புக்கோடு, அடுத்ததில் சாய்சதுரக் கட்டம், இன்னொன்றில் நெட்டுக்கு ஓடும் பள்ளம்.

இப்போது கிட்டப் போய், கட்டம் போட்ட தூணில் இரண்டு கல் சேரும் இடத்தைப் பாருங்கள். பள்ளக்கோடு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு வழுவாமல் தாண்டிப் போகிறது. தூணை நிறுத்திவிட்டு மேலே செதுக்கிய வேலை அல்ல இது. ஒவ்வொரு கல்லையும் தரையில் வைத்து, ஒரே அச்சு அளவில் வெட்டி, பள்ளக்கோடுகளையும் அங்கேயே போட்டு, பிறகு தூக்கி அடுக்கியிருக்கிறார்கள். ஒரே அளவுக் கல் என்றால் பட்டறையில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் வெட்டலாம், குளிர்காலத்தில் காரை வேலை நின்றாலும் கல் வெட்டும் வேலை நிற்காது. கல்லும் பக்கத்திலேயே கிடைத்த மணற்கல். வெள்ளைக் கோபுரத்துக்கு நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து கப்பலில் கல் ஏற்றி வந்தார்கள். டர்ஹாமில் அது தேவைப்படவில்லை.

சுருள் பள்ளம் போட்ட தூண்களை நடுக்கூடத்தில் தேடாதீர்கள். அவை கிழக்குப் பகுதியில், சமாதிக்குப் பக்கமாக இருக்கின்றன.

இனி கூரை. டர்ஹாமுக்கு வருவதற்கு இது ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பாவில் ஒரு பெரிய கட்டடம் முழுமைக்கும் விலா வளைவு (விலா எலும்பு போல் கூரையின் அடியில் ஓடும் கல் வளைவு) போட்ட கல் கூரை இங்கேதான் முதல்முதலில் துணிந்து செய்யப்பட்டது என்று கட்டடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதை முன்வரிசையில் வைப்பார்கள். அதற்குள் இருக்கும் கணக்கு புரிந்தால்தான் அந்தத் துணிச்சல் தெரியும்.

நார்மன்களுக்குப் பழக்கமானது அரைவட்ட வளைவு. அரைவட்டத்தில் ஒரு சிக்கல்: உயரம் எப்போதும் அகலத்தில் பாதிதான். கூரையின் ஒரு கட்டம் 16 அடிக்கு 12 அடி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீளப் பக்கத்து வளைவு 8 அடி எழும்பும், குட்டைப் பக்கத்து வளைவு 6 அடி. மூலைக்கு மூலை போகும் குறுக்கு வளைவின் அகலம் 20 அடி, ஆகவே அது 10 அடி எழும்பும். மூன்றும் மூன்று உயரம். நடுவே கூரை கூடாரம் போல் உப்பும், பக்கங்களில் தணியும், பாரம் ஒரு சீராக இறங்காது. கட்டத்தைச் சதுரமாக்கினாலும் குறுக்கு வளைவு உயர்ந்துதான் நிற்கும். அரைவட்டத்தை நசுக்கித் தட்டையாக்கலாம். அப்படிச் செய்தால் அது பக்கவாட்டில் சுவரை அதிகமாகத் தள்ளும்.

டர்ஹாம் கொத்தர்கள் மூலைக்கு மூலை போகும் விலாக்களை அரைவட்டமாகவே விட்டார்கள். கூடத்தின் குறுக்கே போகும் பெரிய வளைவுகளை மட்டும் உச்சியில் கூராக்கினார்கள். கூர் வளைவின் உயரத்தை அகலம் தீர்மானிப்பதில்லை. வேண்டிய உயரத்துக்கு எழுப்பிக்கொள்ளலாம். குறுக்கு வளைவின் உச்சியும் விலாக்கள் சந்திக்கும் உச்சியும் சமமாக வந்துவிட்டன. மேற்கே நின்று பைனாகுலரில் பார்த்தால் கூரையின் முதுகு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் ஓடுவது தெரியும். கூரான வளைவுகளை எண்ணுங்கள்: கொத்துத் தூண்களுக்கு மேலே மட்டும்தான் இருக்கும். உருளைத் தூணுக்கு மேலே குறுக்கு வளைவு கிடையாது. அங்கே விலாக்கள் மட்டும் இறங்கி, முகம் செதுக்கிய சின்னத் தாங்கு கற்களில் வந்து உட்காரும். அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பைனாகுலர் இல்லாமல் போனால் இழப்பு இதுதான்.

இவ்வளவு பாரமான கல் கூரை சுவரை வெளியே தள்ளுமே, சுவர் எப்படி நிற்கிறது? ஒரு பதில் சுவரின் பருமன். இன்னொரு பதில் கண்ணுக்குத் தெரியாது: பக்கக் கூடங்களின் மேல் உள்ள மாடத்துக்குள், கூரைக்குக் கீழே, கால்வட்ட வளைவுகள் ஒளிந்து நின்று சுவரை உட்புறமாகத் தாங்குகின்றன. இதே யோசனையைப் பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டடத்துக்கு வெளியே கொண்டுவந்து காட்டியபோது அதற்குப் பறக்கும் உதைசுவர் என்று பெயர் வந்தது. இந்த மாடத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைப்பதில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு கீழிருந்து கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, நடுக்கூடமும், சிலுவையின் கைகள் போல் வடக்கிலும் தெற்கிலும் நீளும் பகுதிகளும் சந்திக்கும் நடுப்புள்ளிக்குப் போய் நில்லுங்கள். இங்கே ஒரு சின்னச் சோதனை. வடக்குக் கையின் கூரை விலாக்களைப் பாருங்கள்: உருட்டிவிட்ட வெறும் வரிகள். தெற்குக் கைக்குத் திரும்புங்கள்: விலாவின் இரண்டு ஓரத்திலும் பல் பல்லாக அம்புக்கோட்டு வேலை. நடுக்கூடத்திலும் அப்படியே. வடக்குக் கை 1110-ஐ ஒட்டி முடிந்தது. அதற்குப் பிறகுதான் இந்த அலங்காரம் இங்கே தொடங்கியது. ஆவணம் இல்லாத இடத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்று வல்லுநர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத் தலையை இரண்டு பக்கம் திருப்பியே தெரிந்துகொள்ளலாம். இது தெரிந்தபின் இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துச் சர்ச்சுக்குப் போனாலும் வாசல் வளைவில் அம்புக்கோடு இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும்.

எதெல்லாம் நார்மன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுக்கோபுரம் 15-ஆம் நூற்றாண்டு. பழைய கோபுரம் இடி விழுந்து சேதமானதால் புதிதாகக் கட்டியது. 325 படி. காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். நார்மன்களுக்காக மட்டும் வருகிறவர்கள் இதை விட்டுவிடலாம். ஆனால் முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள்: ஆறு குன்றை எப்படிச் சுற்றி வளைத்திருக்கிறது, படை எடுத்து வருகிறவனுக்கு வடக்குப் பக்கம் ஒரு குறுகிய நிலக்கழுத்து மட்டுமே வழி, அந்தக் கழுத்தில்தான் கோட்டை உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் மேலிருந்துதான் புரியும். கிழக்குக் கோடியின் ஒன்பது பலிபீடக் கூடம் 13-ஆம் நூற்றாண்டு. பாடற்குழு இருக்கும் பகுதியின் முதல் கூரையும் அப்போது மாற்றப்பட்டது. வெளிச்சுவரில் நார்மன் கொத்து வேலையின் கூர்மையைத் தேடி ஏமாறாதீர்கள். அரித்துப்போன கல்லைச் சீராக்குகிறோம் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளிமுகத்தைச் சில அங்குலம் கொத்தி எடுத்துவிட்டார்கள். நிழல் விழ வேண்டிய புடைப்புகள் எல்லாம் அதோடு போயின. மனசு கேட்காத இழப்பு அது.

மேற்குக் கோடியில் இருக்கும் கலிலீ கூடத்தை மறக்காதீர்கள். 1170-களில் பிஷப் ஹ்யூ டி புய்செ கட்டியது. அதே நார்மன் கை, ஆனால் இங்கே பருமன் எல்லாம் உருகி மெல்லிய கால்களும் பல்வரிசை வளைவுகளுமாகிவிட்டது. சுவரில் அந்தக் காலத்து வண்ண ஓவியங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. உள்ளே இருப்பது 735-ல் இறந்த வரலாற்றாசிரியர் பீடின் கல்லறை.

இங்கிருந்து புல்வெளியைக் கடந்து கோட்டைக்கு. பேலஸ் கிரீன் எப்போதும் புல்வெளியாக இருக்கவில்லை. பேராலயத்துக்கும் கோட்டைக்கும் நடுவே ஊர்க்காரர்களின் வீடுகள் நெருங்கி நின்றன. நெருப்பும் அழுக்கும் கோயிலை அண்டக் கூடாது என்று சொல்லி அத்தனையையும் அப்புறப்படுத்தியவர் ஃபிளாம்பார்ட். நார்மன் ஆட்சி ஊர்க்காரர்கள் பக்கம் நின்று பார்க்கும்போது எப்படி இருந்தது என்பதற்கு இந்த வெற்றிடம் நல்ல சாட்சி.

கோட்டை ஏன் வந்தது என்பதற்கும் ரத்தம் கலந்த காரணம் உண்டு. 1069 ஜனவரியில், இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசர் வில்லியம், ராபர்ட் டி கோமின் என்பவரை வடக்கின் பிரபுவாக அனுப்பினார். டர்ஹாமில் இரவு தங்கிய அவரையும் உடன் வந்த படையையும் உள்ளூர்க்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அதைத் தொடர்ந்து எழுந்த கலகங்களுக்குப் பதிலாக, அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அல்ல, அடுத்த குளிர்காலத்தில், வடக்கு முழுவதும் பயிரையும் ஊரையும் கொளுத்திப் பஞ்சத்தில் தள்ளினார் வில்லியம். 1072-ல் ஸ்காட்லாந்திலிருந்து திரும்பும் வழியில் இந்தக் கோட்டையைக் கட்டச் சொன்னார். அதன் பிறகும் அடங்கவில்லை: நார்மன்கள் இங்கே நியமித்த முதல் பிஷப்பான வால்கரை 1080-ல் கேட்ஸ்ஹெட்டில் கூட்டம் வெட்டிக் கொன்றது.

கோட்டைக்குள் மூன்று இடம் முக்கியம். முதலாவது, நார்மன் சிற்றாலயம். 1080-ஐ ஒட்டியது, வளாகத்தில் மிகப் பழையது. தாழ்வான கூரை, சின்னச் சின்னத் தூண்கள். தூண் கல்லில் இயற்கையாகவே அலையலையாக நிறக்கோடுகள் ஓடுகின்றன. மரத்தின் வைரம் போல் இருக்கும். தலைப்பலகைகளில் ஒரு கடற்கன்னி, மான் வேட்டை, விலங்குகள். பேராலயத்தின் கொத்தர்கள் கை தேர்ந்தவர்கள். இங்கே வேலை செய்தவர்கள் அவ்வளவு தேர்ந்தவர்கள் அல்ல, ஆனால் பார்க்கப் பார்க்கப் பிடிக்கும். இரண்டு கட்டடத்துக்கும் இடையில் ஒரு தலைமுறைகூட இல்லை என்பதுதான் ஆச்சரியம். இரண்டாவது, புய்செ போட்ட 12-ஆம் நூற்றாண்டு வாசல் வளைவு. பல நூற்றாண்டு பூச்சுக்குள் மூடிக் கிடந்ததால் செதுக்கு வேலை மழை படாமல் கூர்மையாக நிற்கிறது. வெளிச்சுவர் இழந்தது என்ன என்று இதைப் பார்த்தால் விளங்கும். மூன்றாவது, மண்மேடு. நார்மன்கள் முதலில் செய்தது இதுதான்: மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேலே மரக் காவல்வீடு. இப்போது மேட்டின் மேல் நிற்கும் எண்கோணக் கட்டடம் 1840-ல் மாணவர்கள் தங்குவதற்காகத் திரும்பக் கட்டியது. போட்டோவில் பெரும்பாலானவர்கள் "நார்மன் கோட்டை" என்று காட்டுவது அதைத்தான்.

அருங்காட்சியகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கத்பர்ட்டின் 7-ஆம் நூற்றாண்டு மரப்பெட்டியும் மார்புச் சிலுவையும் நார்மன்களுக்கு முந்தியவை, ஆனாலும் காணத் தவறக் கூடாதவை. அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1216-ஆம் வருடப் பதிப்பில் உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி டர்ஹாமுக்குச் சொந்தம். எப்போதும் வெளியே வைக்கமாட்டார்கள், அதற்காகவே வருவதென்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டூம்ஸ்டே புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே வந்து அதைத் தேடுகிறவர்கள் உண்டு. 1086-ல் வில்லியம் நாடு முழுக்க யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, என்ன வரி என்று எழுதி வாங்கிய கணக்கு அது. டர்ஹாம் அதில் இல்லை. வடகோடி மாவட்டங்களைக் கணக்கெடுக்கவே இல்லை. இங்கே அரசருக்குப் பதில் பிஷப்தான் வரி வாங்கினார், கோர்ட்டு நடத்தினார், பின்னாளில் காசும் அடித்தார். தனக்கென்று ஒரு கணக்கை, போல்டன் புத்தகத்தை, 1183-ல் எழுதி வாங்கியவர் கலிலீ கூடம் கட்டிய அதே புய்செ. பிஷப்பின் இந்தத் தனி அதிகாரம் முழுதாக அரசரிடம் போனது 1836-ல்தான். அசல் டூம்ஸ்டே புத்தகம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கிறது.

ஃபிளாம்பார்ட்டுக்குத் திரும்ப வருகிறேன், நார்மன் நிர்வாகம் என்றால் அந்த ஆள்தான். பிஷப் ஆவதற்கு முன் இரண்டாம் வில்லியம் அரசரின் வரி வசூல் மூளை. அடுத்து வந்த முதலாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் பிடித்து லண்டன் வெள்ளைக் கோபுரத்தில் அடைத்தார். 1101-ல், மது ஜாடிக்குள் ஒளித்து வந்த கயிற்றைப் பிடித்து ஜன்னல் வழியே இறங்கித் தப்பிவிட்டார் ஃபிளாம்பார்ட். பிறகு சமாதானமாகி இங்கே வந்து, நடுக்கூடத்துச் சுவர்களைக் கூரை மட்டம் வரை எழுப்பினார். ஹென்றியின் காலத்தில் அந்த வசூல் வேலைக்கு நிலையான அலுவலகம் வந்தது. மேசையில் கட்டம் போட்ட துணி விரித்து, காய்களை நகர்த்தி, ஷெரீஃப்கள் என்ற மாவட்ட அதிகாரிகள் கொண்டுவந்த பணத்தை எண்ணினார்கள். சதுரங்கப் பலகையைப் போல் இருந்ததால் அந்த அலுவலகத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப் பெயரில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. ஷெரீஃப் என்ற சொல்லும் பதவியும் மட்டும் பழைய ஆங்கிலேயருடையது. இருந்த மாவட்டம், இருந்த அதிகாரி, இருந்த வரி எல்லாவற்றையும் நார்மன்கள் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தங்கள் ஆட்களையும் கணக்கையும் ஏற்றினார்கள்.

மொழியிலும் அதே கதை. பேராலயத்துக்குள் நின்று சுற்றிலும் இருப்பதற்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்லிப் பாருங்கள். ஸ்டோன், ரூஃப், ஃப்ளோர், டோர் எல்லாம் பழைய ஆங்கிலம். ஆர்ச், வால்ட், பில்லர், சாப்பல், கொயர், மேசன் எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. பொருள் ஊர்க்காரனுடையது, வடிவமும் தொழிலும் வந்தவனுடையது என்று சொற்களே பிரித்துக் காட்டுகின்றன.

நம் காதுக்கு மிக நெருக்கமான உதாரணம் மிக்ஸி வாங்கும் கடையில் இருக்கிறது. "ரெண்டு வருஷம் வாரண்டி, மோட்டாருக்கு அஞ்சு வருஷம் கியாரண்டி" என்பார் கடைக்காரர். இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்கள். நார்மண்டிப் பேச்சில் முதலெழுத்து 'வ' ஆகவே நின்றது, பாரிஸ் பக்கத்தில் அது 'க' ஆனது. ஆங்கிலம் முதலில் நார்மன்களிடமிருந்து ஒன்றையும், பிறகு மற்ற பக்கத்திலிருந்து இன்னொன்றையும் வாங்கிக்கொண்டது. வார்டன், கார்டியன் இரண்டும் அப்படியே. சம்பளத்தைக் குறிக்கும் வேஜ், அடமானத்தைக் குறிக்கும் மார்ட்கேஜ் என்ற சொல்லின் பின்பாதியான கேஜ், இரண்டும் கூடப் பிறந்தவை. காசில் என்ற சொல்லில் முதலெழுத்து 'க' ஆக இருப்பதும் நார்மன் அடையாளம். பாரிஸில் அது ஷாத்தோ ஆனது. சென்னையிலும் கொழும்பிலும் தலைமை நீதிபதி அல்லாத நீதிபதிகளை வழக்குமன்ற வழக்கில் ப்யூனி என்று குறிப்பிடுவார்களே, அதுவும் இந்த வழியில் வந்த பிரெஞ்சுதான்: 'பின்னால் பிறந்தவர்' என்று பொருள்.

ஒரு பிழையான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் உதிர்ந்ததற்கு நார்மன்கள்தான் காரணம் என்று பள்ளிக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். அந்த உதிர்வு 1066-க்கு முன்பே, குறிப்பாக வடக்கில், தொடங்கிவிட்டது. நார்மன்கள் செய்தது, ஆங்கிலத்தை எழுதும் மேசையிலிருந்து இறக்கியது. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று சட்டம் வந்ததே 1362-ல்தான். பார்லிமெண்ட் நிறைவேற்றும் மசோதாவுக்கு அரசர் ஒப்புதல் தரும் வாக்கியத்தை இன்றும் நார்மன் பிரெஞ்சிலேயே வாசிக்கிறார்கள்.

நேரத்தைப் பிரிக்க என் பரிந்துரை: காலை பேராலயம் திறந்ததும் நடுக்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆள் குறைவாக இருக்கும்போதே. கலிலீ கூடமும் கிழக்குப் பகுதியும் முக்கால் மணி. மதியத்துக்கு மேல் கோட்டைச் சுற்று. அதற்கு முன்போ பின்போ அருங்காட்சியகம் ஒரு மணி. நல்ல வெயில் நாளிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாடுகள் அதிகம், பார்வை நேரம் குறைவு. ஆகவே வாரநாள் நல்லது. கோடையில் வந்தால் கடைசி ரயிலுக்கு அவசரப்பட வேண்டாம். ஆற்றங்கரைப் பாதையில் இறங்கி, பழைய ஆலைக் கட்டடத்துக்கு எதிர்க்கரையில் நின்றால், மாலை வெயில் பேராலயத்தின் மேற்கு முகத்தில் நேராக அடிக்கும். அங்கிருந்து ஃப்ரேம்வெல்கேட் பாலம் ஐந்து நிமிட நடை, பாலத்திலிருந்து ஸ்டேஷன் வரை ஏற்றம்தான்.